ஒத்திகையில் வார்த்த நீர்

என் மகள் வேண்டாம் என்று சொன்ன ஒன்றுக்கு, அவளுக்காக நான் ஓம் என்று சம்மதம் சொன்னேன். சென்ற மாரியில், சூரிச்சுக்குக் கிட்டிய பாடன் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு கோப்பிக் கடையில் வைத்துச் சொன்னேன். எவரும் என்னை வற்புறுத்தவில்லை. கேட்கப்பட்டதும் எனக்கு நன்றாக விளங்கியிருந்தது. பிறகு இதைப் பற்றி விசாரித்த ஓரிருவரிடம், ஜெர்மன் சரியாகப் பிடிபடவில்லை என்று சொல்லித் தப்பியிருக்கிறேன். அது பொய். ஊரில் பட்டப்படிப்பு முடித்துவிட்டு வந்து, எங்கடின் மலைப்பகுதியில் ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவிய காலத்திலேயே ஜெர்மன் நாளிதழை வரி விடாமல் வாசித்தவன் நான்.

மகள் ஒப்பராப் பாடகி. எங்கள் ஆட்களிடம் இதைச் சொன்னால், "அப்ப ரீவியிலை எப்ப வருவா?" என்பார்கள். கதை முழுவதையும் பாட்டாலேயே நடத்தும் நாடகம், எங்கள் நாட்டுக்கூத்து மாதிரி என்று நான் விளக்குவேன். மகள் பக்கத்தில் நின்றால் முகத்தைச் சுளிப்பாள். அவள் பாடுவது பெரும்பாலும் முந்நூறு வருடப் பழைய ஒப்பராக்கள். அவற்றில் ஒரு பாட்டின் முதற்பகுதி கடைசியில் திரும்பவும் வரும். திரும்பி வரும்போது பாடுபவர் தன் விருப்பப்படி அதை வளைத்தும் நெளித்தும் அலங்கரித்தும் பாட வேண்டும். அந்த இடத்தில்தான் பாடகியின் தரம் தெரியும் என்பாள். அதற்கு விலா எலும்புகள் விரிந்து மூச்சு அடிவயிறு வரை இறங்க வேண்டுமாம்.

இத்தனை வருடமும் அவளுக்குக் கிடைத்தவை சின்ன வேடங்கள். பணிப்பெண், அடிமைப் பெண், கிழக்கே எங்கோ இருந்து வந்த நடனக்காரி. அவளுடைய நிறத்துக்கு அவர்கள் கண்டுபிடித்த வேலைகள் அவை. இம்முறைதான் கதையின் நடுவில் நிற்கும் பெண்ணாக அவளைத் தேர்ந்திருந்தார்கள். கதை கிரேக்கப் புராணத்தில் இருந்து எடுத்தது. போருக்குப் புறப்பட்ட அரசனின் கப்பல்கள் காற்றில்லாமல் துறையில் கிடக்கின்றன. மகளைப் பலி கொடுத்தால் காற்று வீசும் என்கிறான் சோதிடன். அரசன், உனக்குக் கலியாணம் பேசியிருக்கிறேன், வா என்று மகளுக்குச் சொல்லி அனுப்புகிறான். அவள் மணப்பெண்ணாக வந்து இறங்குகிறாள். மணமேடை என்று நினைத்து ஏறியது பலிபீடம் என்று பிறகுதான் தெரிகிறது. கடைசியில் தெய்வம் மனமிரங்கி அவளை முகிலில் தூக்கிக்கொண்டு போய்விடும். இந்தப் பழைய ஒப்பராவைப் புதிய விதத்தில் மேடையேற்றத்தான் எங்கள் பக்கத்து அரங்கு ஒன்று முடிவு செய்திருந்தது.

அதன் இயக்குநர் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். என்னைத் தொலைபேசியில் அழைத்து, ஒரு கோப்பி குடிக்க முடியுமா என்று கேட்டார். எங்கள் கலியாணத்தைப் பற்றி அறிய வேண்டுமாம். சவரம் செய்து, கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு போனேன். இந்த நாட்டில் எந்த ஊர், எப்போது திரும்பிப் போவாய் என்பதைத் தவிர வேறொன்றையும் என்னிடம் ஆர்வமாகக் கேட்டவர்கள் குறைவு. அவர் ஒரு மாணவி போல முன்னால் குனிந்திருந்து கேட்டார். நான் மணவறை, கூறைச்சேலை, தாலிக்கொடி என்று எல்லாம் சொன்னேன். தாரை வார்ப்பதைச் சொன்னபோது அவருடைய கரண்டி கோப்பைக்குள் அப்படியே நின்றது.

"தகப்பன் மகளின் கையைப் பிடித்துக் கொடுக்க, தாய் அந்தக் கையில் தண்ணீர் வார்ப்பாரா?"

"ஆம். வார்த்த நீரைத் திருப்பி எடுக்க முடியாது. பெண்ணும் அப்படித்தான் என்பது பொருள்."

"எங்கள் கதையில் தாய் சம்மதிப்பதில்லை. ஆகவே அரசன் தானே கையைப் பிடித்துத் தானே தண்ணீரையும் வார்க்கட்டும்" என்றார். பிறகு, "உங்கள் மகளின் திருமணத்தில் நீங்கள் வார்ப்பீர்களா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். என் மனைவி இறந்துவிட்டாள். துணையை இழந்தவன் எங்களில் தாரை வார்ப்பதில்லை. என் தம்பியும் அவன் மனைவியும் செய்வார்கள். நான் கீழே, ஆட்களோடு ஆட்களாக இருந்து பார்ப்பேன்.

இயக்குநர் கரண்டியை எடுத்துத் தட்டில் வைத்தார். பிறகு ஒளிக்காமல் சொன்னார். "இந்தத் திருமணத்தையே மேடையில் காட்ட விரும்புகிறேன். உங்கள் மகளிடம் கேட்டேன். வேண்டாம் என்கிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?"

அந்த இடத்தில், அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது இது. "அவள் சம்மதிப்பாள். நான் கதைக்கிறேன். எனக்குச் சந்தோஷம்."

ஏன் சொன்னேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். மகளுக்கு முப்பத்தைந்து தாண்டிவிட்டது. கலியாணம் வேண்டாம் என்று எப்போதோ சொல்லிவிட்டாள். தாயின் கூறைச்சேலை என் அலுமாரியில் கிடந்தது. அவளைக் கூறையில் ஒரு தரமாவது பார்க்க வேண்டும் என்ற ஆசை என்னுள்ளே ஊறிக்கொண்டே இருந்தது. இயக்குநர் கேட்டபோது, நடக்காத கலியாணம் ஒன்று நடக்கப்போகிறது என்றுதான் என் மனம் எடுத்துக்கொண்டது. ஒப்பராவைப் பற்றி அந்த நேரத்தில் நான் துளியும் யோசிக்கவில்லை.

மகளோடு கதைக்கிறேன் என்று சொன்னேனே, கதைக்கவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று ஒத்திப்போட்டேன். ஆனால் ஆராவ் நகரில் நான் மரக்கறி வாங்கும் தமிழ்க் கடையில் அடுத்த சனிக்கிழமையே கதைத்துவிட்டேன். கடைக்காரர் என்னைவிட இளையவர், வாய்க்காரர். எப்போது கண்டாலும், "என்ன அண்ணை, கலியாணச் சாப்பாடு எப்ப?" என்று சீண்டுவார். அன்றும் கேட்டார்.

"மாசிக் கடைசியிலை. மேடையிலை நடக்குது. எல்லாரும் வாங்கோ."

"மாப்பிள்ளை ஆர், வெள்ளையோ?"

"மாப்பிள்ளை வரவே மாட்டான். அதுதான் கதை."

"அட, எங்கடை ஆக்களின்ரை கலியாணப் பேச்சு மாதிரியே இருக்கு!"

கடையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். முருங்கைக்காயைப் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா, கூறை என்ன நிறம் என்று கேட்டார். நான் விவரம் விவரமாகச் சொன்னேன். கடைக்காரர் தானே ஆட்களைச் சேர்த்து நுழைவுச்சீட்டு எடுப்பதாகச் சொன்னார். அன்று வீடு திரும்பும்போது ரயிலில் நான் மிகவும் மகிழ்ச்சியாக இருந்தேன்.

மறு வாரம் மகள் வந்தாள். அவள் சூரிச்சில் தனியாக இருக்கிறாள். சொல்லாமல் வருவதில்லை, அன்று சொல்லாமல் வந்தாள். மேலங்கியைக் கழற்றாமல் குசினி வாசலில் நின்றாள்.

"அப்பா, நீங்கள் ஓம் எண்டு சொன்னனீங்களோ?"

"கேட்டவ. சொன்னனான்."

"என்னட்டையும் கேட்டவ. நான் இல்லை எண்டு சொன்னனான். அதுக்குப் பிறகுதான் உங்களிட்டை வந்தவ. அது தெரியுமோ?"

"தெரியும்."

அவள் இதை எதிர்பார்க்கவில்லை. தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று நான் சொல்லுவேன் என்று நினைத்து, அதற்கு ஏற்ற மாதிரி என்னை மன்னிக்கத் தயாராக வந்திருக்கிறாள் என்று முகத்தில் தெரிந்தது.

"இண்டைக்கு எல்லாருக்கும் முன்னாலை சொல்லுறா, 'உங்கள் அப்பாவுக்கே சம்மதம், உங்களுக்கு என்ன தயக்கம்' எண்டு. நான் என்னத்தைச் சொல்ல? இவ்வளவு காலத்துக்குப் பிறகு ஒரு பொம்பிளையா நிண்டு பாடக் கிடைச்சுது. இப்ப பேப்பர்க்காரர் என்ரை பாட்டைக் கேப்பினமோ, சேலையைப் பாப்பினமோ? சேலையை இறுக்கிக் கட்டி, மாலையையும் போட்டால் எனக்கு மூச்சு எங்கை இருந்து வரும்?"

"வடிவா இருக்கும் பிள்ளை."

"வடிவா இருக்கும்." அவள் மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். "அப்பா, ஒண்டே ஒண்டு செய்யுங்கோ. நான் சொன்னால் அவ கேக்கமாட்டா, வாக்கு உங்கடை. நீங்களே போய்ச் சொல்லுங்கோ, 'அது நான் சொல்லக்கூடாத ஓம், திருப்பி எடுக்கிறன்' எண்டு. வேறை ஒண்டும் வேண்டாம்."

சொல்லுகிறேன் என்றேன். தேத்தண்ணி குடிக்காமலே போய்விட்டாள்.

உண்மையிலேயே போனேன். அரங்கின் பின்பக்கத்தில் ஒரு பெரிய வேலைக்கூடம். இயக்குநர் என்னைக் கண்டதும் கையைப் பிடித்து அழைத்துப் போனார். மணவறையைச் செய்து முடித்திருந்தார்கள். நான் சொன்னபடியே தூண்கள், நான் சொன்னபடியே மேலே கூடாரம், சிவப்பும் பொன்னும். தச்சர்கள் இருவர் வேலையை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். தாலி என்று ஒரு பித்தளைத் தகட்டைக் காட்டினார்கள். போத்தல் திறக்கும் சாமான் போல் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள். கொடி இன்னும் தடிப்பாக இருக்க வேண்டும் என்றேன். செம்பை இடது கையில் பிடிக்கக்கூடாது என்றேன். மாலையின் நீளம் சொன்னேன். அப்படியே மதியம் ஆகிவிட்டது. சொல்ல வந்ததைச் சொல்லாமல் ரயில் ஏறினேன்.

மகள் தொலைபேசியில் கேட்டாள். "கதைச்சனீங்களோ?"

"கதைச்சனான்" என்றேன். அதுவும் ஒரு விதத்தில் உண்மைதானே என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். இனி எப்படிப் பின்வாங்குவது? கடையில் ஒரு பட்டாளமே நுழைவுச்சீட்டு எடுத்துவிட்டது. அந்த அரசனும் தன் படைக்கு முன்னால் இப்படித்தான் நின்றிருப்பான். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

கடைசி ஒத்திகைக்கு இயக்குநர் என்னை அழைத்திருந்தார். உடுப்பு, வெளிச்சம், வாத்தியம் எல்லாவற்றோடும், முதல் நாள் போலவே நடத்திப் பார்க்கும் ஒத்திகை. நடுவரிசையில் உட்கார்ந்திருந்தேன். மகள் அரங்குக்காரர் தைத்த கூறையில் வந்து மேடையில் ஏறியபோது என் கண் நிறைந்துவிட்டது. தாயின் நடை. அரசனாகப் பாடியவர் வடக்கே எங்கிருந்தோ வந்த பெரிய உருவம் கொண்ட மனிதர், சாந்தமானவர். அவர் செம்பைத் தூக்கினார். வாத்தியங்கள் மெல்ல இறங்கி ஒற்றைத் தந்தியில் வந்து நின்றன. மகள் கையை நீட்ட வேண்டும். நீட்டவில்லை. நிமிர்ந்து, வாத்தியக் குழுவை நடத்துபவரிடம் மன்னிப்புக் கேட்டாள். பிறகு இருட்டுக்குள் இருந்த இயக்குநரைப் பார்த்து ஜெர்மனில் சொன்னாள்.

"இவருக்கு வார்க்கத் தெரியவில்லை. என் அப்பா அங்கே இருக்கிறார். அவர் செய்து காட்டட்டும்."

"அருமை!" என்றது இயக்குநரின் குரல்.

மகள் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள். "வாங்கோ அப்பா. ஓம் எண்டு சொன்னது நீங்கள்தானே."

எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை. வெளிச்சம் முகத்தில் அடித்தது. கீழே வயலின்காரர்கள் வில்லை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். பெரிய மனிதர் செம்பைப் பணிவாக என் கையில் தந்துவிட்டு ஒதுங்கி நின்றார். செம்பில் உண்மையான தண்ணீர். மகள் வலது கையை நீட்டினாள். பக்கத்தில் நின்று பார்த்தபோதுதான், சேலை அவளுடைய விலாவை எவ்வளவு இறுக்கியிருக்கிறது என்று தெரிந்தது. மேல்மூச்சு மட்டும் வாங்கிக்கொண்டிருந்தாள்.

உதடு அசையாமல், எனக்கு மட்டும் கேட்கச் சொன்னாள். "ஊத்தப் போறியளோ, சொல்லப் போறியளோ? இப்ப சொன்னாலும் போதும்."

நான் அவளுடைய கையைப் பார்த்தேன். இயக்குநரிடம் சொல்ல வேண்டிய வசனம் ஜெர்மனில், இலக்கணம் பிசகாமல், நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அந்தக் கை எனக்கு முன்னால் நீண்டிருந்தது. எந்தக் கலியாண மண்டபத்திலும், எந்தக் கோயிலிலும் அது இப்படி எனக்கு முன்னால் நீளப்போவதில்லை. அதை இடக்கையால் தாங்கிப் பிடித்தேன். வலக்கையால் வார்த்தேன்.

மகளின் கண் என் முகத்தை விட்டு அசையவில்லை. தண்ணீர் முழங்கை வரை ஓடி, சேலையில் இறங்கியது. இருட்டுக்குள் இருந்து யாரோ கை தட்டினார்கள்.

பிறகு அவள் பாடினாள். நன்றாகத்தான் பாடினாள். திரும்பி வரும் பகுதியில், அலங்கரிக்க வேண்டிய இடத்தில், ஒன்றும் சேர்க்காமல் உள்ளது உள்ளபடி பாடிவிட்டுப் போனாள். எனக்கே அது தெரிந்தது.

ஒத்திகை முடிந்ததும் பின்பக்க நடையில் காத்து நின்றேன். முகப்பூச்சைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"உங்களுக்குக் கலியாணம் முடிஞ்சுதோ அப்பா?"

அவளுடைய பையை வாங்க நான் கையை நீட்டினேன், அவள் தரவில்லை.

"முதல் நாளுக்கு வராதேங்கோ. நீங்கள் இருந்தால் எனக்குப் பாட ஏலாது."

அவள் கோபத்தில் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். வைத்தியசாலையில் ஒரு தாதி சொல்வது போலச் சொன்னாள்.

நான் போகவில்லை. நான் கூப்பிட்ட எல்லாரும் போனார்கள். அன்று முழுவதும் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தேன். காய்ச்சல் என்று கடைக்காரருக்குச் சொல்லியிருந்தேன். அடுத்த நாள் காலை அவர் தொலைபேசியில் அழைத்தார்.

"அண்ணை, என்ன மாதிரிப் பாடினவ தெரியுமோ! எனக்கு ஒரு சொல்லும் விளங்கேல்லை, என்ரை மனிசி அழுதுகொண்டே இருந்தவ. ஒரு பிழைதான். அந்த வெள்ளைக்காரன் தண்ணியைக் கையிலை ஊத்தாமல் கீழை ஊத்திப்போட்டான். நீங்கள் ஒழுங்காப் பழக்கேல்லையோ?"

அன்று பின்னேரம் இயக்குநரை அழைத்தேன். கோப்பிக் கடையில் நான் சொன்னது எனக்கு உரிமையில்லாத சம்மதம் என்றேன். மகள் அதைத் திருப்பி எடுக்கச் சொன்னாள், எடுக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு மணவறையைத் திருத்திக்கொண்டிருந்தேன் என்றேன். அவர் கேட்டார்.

"மேடையில் வைத்து ஏன் சொல்லவில்லை?"

"வார்க்க ஆசையாக இருந்தது" என்றேன். வேறு காரணம் இல்லை.

"நானும் உங்கள் மகளிடம் கேட்டேன், ஆனால் அவருடைய பதிலைக் கேட்கவில்லை" என்றார். மிச்ச நாட்களுக்குச் சேலையை எடுத்துவிடலாமா என்று மகளோடு பேசுவதாகச் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து மகளிடம் இருந்து அழைப்பு வந்தது. "இப்பவோ சொல்லுறியள்?" என்றாள். பிறகு, "சேலையை எடுக்கட்டோ எண்டு கேட்டவ. வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன். நீங்கள் ரெண்டுபேரும் சேர்ந்து கட்டிவிடுறதும், சேர்ந்து அவிட்டுவிடுறதும்! நான் என்ன செய்ய வேணுமோ செய்துகொண்டுதான் இருக்கிறன்" என்றாள். என்ன செய்கிறாள் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

கடைசிக் காட்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல். அவளுக்குச் சொல்லாமல் சீட்டு வாங்கி, மேலே தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். முதல் நாளுக்கு மட்டும்தானே வரவேண்டாம் என்றாள் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். நான் அப்படிப்பட்டவன்தான், இன்னும் மாறிவிடவில்லை.

அரசன் செம்பைத் தூக்கினான். மகள் கையை நீட்டினாள். நீர் விளிம்புக்கு வந்த அந்தக் கணத்தில் கையை இழுத்துக்கொண்டாள். வெடுக்கென்று இல்லை, சூடான பாத்திரத்தில் இருந்து எடுப்பது போலவும் இல்லை. தன்னுடைய பொருளைத் தான் எடுப்பது போல எடுத்தாள். தண்ணீர் பலகையில் விழுந்த சத்தம் மேல்மாடி வரை கேட்டது. அரசன் வெறும் காற்றில் வார்த்துக்கொண்டே நின்றான். பெரிய மனிதர் பிழை விடவில்லை. அவள் மாலையைக் கழற்றினாள். இடுப்பில் சேலையைப் பிடித்திருந்த வெல்குரோ ஒட்டுப்பட்டியை உள்ளே கை நுழைத்து இளக்கினாள். அவளுடைய விலா விரிந்தது. பிறகு பாடினாள். திரும்பி வரும் பகுதி வந்தபோது அவள் குரல் ஏறி, வளைந்து, நின்று, மறுபடி ஏறியது. இன்னும் எவ்வளவு போகுமோ என்று நான் தூணைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்தக் குரலை இவ்வளவு காலமும் நான் கேட்டிருக்கவே இல்லை. மேடையில் அவளைப் பார்த்துக்கொண்டு மட்டும்தான் இருந்திருக்கிறேன்.

வெளியே வந்து பின்வாசலில் நின்றேன். பாடகர்கள் ஒவ்வொருவராகச் சைக்கிளிலும் நடந்தும் போனார்கள். பெரிய மனிதர் என்னை அடையாளம் கண்டு தலை அசைத்தார். மகள் கம்பளித் தொப்பியோடு வந்தாள். கண்டதும் நின்றாள்.

"ஆர் ரிக்கெற் தந்தது?"

"வாங்கினனான்."

"ம்."

"கையை எடுத்தனி."

"ஓம்."

"முதல் நாளிலை இருந்தோ?"

"முதல் நாளிலை இருந்துதான். டைரக்டரிட்டையும் கேக்கேல்லை, உங்களிட்டையும் கேக்கேல்லை." அவள் பையைத் தோளில் மாற்றிப் போட்டாள். "அவ முதல் நாள் வந்து கட்டிப்பிடிச்சு அழுகிறா, நல்ல ஐடியாவாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

"நான் பிழை செய்துபோட்டன் பிள்ளை. தெரிஞ்சுதான் செய்தனான்."

"தெரியும். மேடையிலை உங்கடை கண்ணைப் பார்த்தனான்." தெருவின் மறுகரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "நான் இன்னும் மன்னிக்கேல்லை அப்பா. அது எப்ப வருமெண்டும் தெரியாது. ஆனா பசிக்குது. காலமையிலை இருந்து சாப்பிடேல்லை."

வீட்டில் குழம்பு இருந்தது. புட்டும் அவித்து வைத்திருந்தேன். வா போவம் என்று வாய் வரை வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு, "என்ன சாப்பிட விருப்பம்?" என்று கேட்டேன்.

அவள் யோசித்தாள். நான் குளிருக்குள் கையைக் கட்டிக்கொண்டு, அவள் யோசித்து முடிக்கும் வரை நின்றேன்.